மூன்று மாதம் மூடி வைத்த பிள்ளை

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் ஒருத்தி உண்டானால் மூன்று மாதம் முடியும்வரை வாய் திறக்கக் கூடாது. கண்ணூறு பட்டுவிடுமாம். பிள்ளைத்தாய்ச்சிக்கு லேசான வேலை கொடுப்பது தோட்டத்து வழக்கம்தான். ஆனால் சொன்னால்தானே கொடுப்பார்கள்! அந்த மூன்று மாதமும் மற்றவர்களைப் போலவே மலையேறிச் சுமை தூக்குவோம். இப்போது நினைத்தாலும் என் மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது.

முதல் பிள்ளை வயிற்றில் இரண்டு மாதம். முந்தின நாள்தான் களைப்புல்லுக்கு மருந்து அடித்த மலையில் கொழுந்து எடுக்க விட்டார்கள். நெடி தலைக்கு ஏறியது. பக்கத்து நிரையில் நின்ற அக்கா, "என்னா புள்ள, மொகம் வெளுத்துப்போயிருக்கு?" என்றார்.

"பித்தம்க்கா" என்றேன். நிறைந்த கொழுந்துச் சாக்கோடு அந்தச் சரிவில் இறங்கினேன். அன்று மாலையே இரத்தம் பட்டது.

பதுளை ஆஸ்பத்திரியில் யாழ்ப்பாணத்து டாக்டரம்மா கேட்டார்: "வேலையிடத்தில சொன்னனீங்களோ?"

"இல்லைங்க. கண்ணு பட்ரும்னு..."

அவர் ஏசவில்லை. "கரு கலைஞ்சது மருந்தாலயோ, சுமையாலயோ, வேற ஏதாலயோ, எனக்குச் சொல்லத் தெரியேல்லை. ஆனா சொல்லியிருந்தா உங்களை அங்க விட்டிருக்க மாட்டினம்."

வீட்டில் மாமியார், "எவ கண்ணு பட்டுச்சோ" என்று புலம்பினார். யாருக்குமே தெரியாத பிள்ளையின் மேல் யார் கண் படும்? லயத்தில் கேட்டவர்களிடம் எனக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டோம். வாய்விட்டு அழக்கூட வழியில்லை. அந்தப் பாரம்தான் பெரிய பாரம்.

அடுத்த வருடம் மறுபடி நாள் தள்ளியது. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் கங்காணி என்னை மருந்தடித்த மலைக்குப் பிரித்தார்.

"போகமாட்டேங்க. நான் முழுகாம இருக்கேன்" என்றேன், அத்தனை பேர் முன்னாலும்.

கூட நின்ற மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். கங்காணிக்கும் கூச்சமாகப் போயிற்று. தலையைக் குனிந்தபடி, நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றப் போகச் சொன்னார்.

மகள் நல்லபடியாகப் பிறந்தாள். பார்க்க வந்த அக்கா அவளை மடியில் வைத்துக்கொண்டு, "தலப்புள்ள, பொட்டப்புள்ள, லெச்சுமிதான்" என்று கொஞ்சினார். எனக்குப் பொறுக்கவில்லை.

"தலப்புள்ள இல்லக்கா" என்றேன்.

அக்கா என்னையே பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னிக்குப் பித்தம்னியேடி" என்று அழுதார்.