பதினொரு அண்ணன்மார்

கொச்சியில், கொச்சங்காடித் தமிழாட்கள் மாயம்மாள் என்ற பெயரை முதன்முதலில் கேட்டது ஒரு சாவு வீட்டில். தேய்ப்புக்கடைச் சுடலைமணியின் அப்பா போன மறுநாள், பதினாறாம் நாள் எந்தக் கிழமையில் வருகிறது என்று ஆண்கள் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்கள். மூன்று பேர் எண்ணினார்கள், மூன்று கிழமை வந்தது. பெண்கள் பக்கமிருந்து, ஒப்பாரிக்கு நடுவிலே, ஒரு குரல் நிறுத்தி நிதானமாக வந்தது. "வெள்ளிக்கிழமை. அன்னைக்குக் குழாய் வேலை இருக்கு, தண்ணி வராது. வியாழனே பிடிச்சு வச்சிருங்க."

"யாருப்பா அது?"

"சங்கிலிப்பாண்டி பொண்டாட்டி மாயம்மா. எல்லாத்தையும் போனுக்குள்ள போட்டு வச்சிருப்பா."

அன்றிலிருந்து யாருக்கு எந்த நாள் வேண்டுமானாலும் அவளிடம் வந்து கேட்பது வழக்கமாகிவிட்டது. ஐம்பத்திரண்டு வயது. சுக்கு குடோனில் தரம் பிரிக்கிற வேலை. சுக்கில் பூசிய சுண்ணாம்புத் தூள் தலை, புருவம், சேலை எல்லாவற்றிலும் படிந்து, சாயங்காலம் வெளியே வரும்போது பத்து வயது கூடித் தெரிவாள். போனுக்கு மட்டும் தூசி படாது. அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, இரண்டு ரப்பர்பேண்டு சுற்றி, இடுப்பில் செருகி வைத்திருப்பாள். உறைக்கு மேலேயே விரலை அழுத்தி வேலை பார்ப்பாள்.

படிப்பு மூன்றாம் வகுப்பு. தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பாள், மலையாளம் பேச மட்டும் வரும். அதனால் எழுதுவதே இல்லை, வாயால் சொல்லிவிடுவாள். காது கேளாதவரிடம் பேசுவது மாதிரி போனை முகத்துக்கு நேராகப் பிடித்து, "நாளைக்கு. காலைல. ஆறு மணிக்கு. உளுந்து. ஊறப் போடணும்" என்று நிறுத்தி நிறுத்திச் சொல்வாள். அது எழுதிக்கொள்ளும். மலையாளத்தில் வருகிற நோட்டீஸைப் படம் பிடித்தால் தமிழில் வாசித்துக் காட்டும். மட்டாஞ்சேரியில் தண்ணீர் நிற்கிறது, மருந்து முகாம் நடக்கிறது என்று எங்கே செய்தி வந்தாலும் காலையில் அவளுக்குத் தனியாக வந்து சேரும்படி செய்து வைத்திருக்கிறாள். கல்யாணம் மஞ்சள், ஆஸ்பத்திரி பச்சை, சாவு நீலம் என்று அவளுடைய காலண்டரில் நாளெல்லாம் நிறம் நிறமாகக் கிடக்கும். எதற்கும் ஒரு பைசா கொடுத்ததில்லை. "காசுன்னு ஒரு வார்த்தை வந்துச்சுன்னா அடுத்த நிமிசம் அதை அழிச்சிட்டு வேற ஓசி தேடுவேன்" என்பாள்.

காயல் தண்ணீர் ஏறி முற்றத்துக்குள் வருகிற மாதங்களில் பக்கத்து வீட்டு மலையாளப் பெண் வேலிக்கு மேலே தலையை நீட்டுவாள். "மாயம்மச் சேச்சீ, இன்னு வெள்ளம் கேறுமோ?"

மாயம்மாள் உறையைத் தேய்த்துப் பார்ப்பாள். "பதினொண்ணே முக்காலுக்குக் கேறும். செருப்பை எடுத்து மேல வை, மோளே."

சங்கிலிப்பாண்டிக்குத்தான் தொல்லை. சுமை இறக்குகிற ஆள், லாரி மேலே மூட்டையோடு நிற்கும்போது, அவள் வைத்த நினைவூட்டல் சட்டைப்பையில் கிணுகிணு என்று அடிக்கும். பிரஷர் மாத்திரை. கொஞ்ச நேரத்தில் மறுபடி அடிக்கும். வெங்காயம் வாங்கியாச்சா. "தாலி கட்டினது நான்" என்று சாயாக்கடையில் புலம்புவார். "கூட வச்சுக் குடும்பம் நடத்துறது அது."

இப்படி அவள் மாறியதற்குக் காரணம் உண்டு. ஒன்பது வருசத்துக்கு முன்னால், ஆனி மாதத்து அடைமழையில் அவளுடைய அம்மா இறந்தாள். கூடப்பிறந்தவர் ஒரே ஒரு அண்ணன், இசக்கிதுரை. இடக்கொச்சியில் இருந்துகொண்டு மீன்பிடிப் படகில் போகிறவர். அவருடைய நம்பரைத் தேதி கிழித்த காகிதத்தின் பின்பக்கத்தில் எழுதி அரிசிப் பானைக்கு அடியில் வைத்திருந்தாள். பதினாலு தடவை அடித்தாள். அது பழைய நம்பர். கடலுக்குப் போயிருப்பார் என்றே எல்லாரும் நினைத்தார்கள். மழையோடு பொழுதும் இறங்கிவிட, இனி வைத்திருக்கக் கூடாது என்று பெரியவர்கள் எடுத்துவிட்டார்கள். கொள்ளி வைத்தது சித்தப்பா மகன். இசக்கிதுரை மறுநாள் மத்தியானம் ஓடிவந்து சாம்பலைத்தான் பார்த்தார். "எட்டி, நான் ஒருத்தன் இருக்கேன்னு நினைப்பு வரலியா உனக்கு?" என்று கேட்டார். போனவர்தான். அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் பேச்சில்லை. அந்தக் கருமாதி கழிந்த மாதமே மாயம்மாள் இந்த மாதிரி போன் வாங்கினாள். முதலில் அதில் ஏற்றியது அண்ணனின் புது நம்பர். யார் யாரையோ பிடித்து வாங்கினாள். ஒருநாளும் அடிக்கவில்லை.

இப்போது மகள் மாளவிகாவுக்கு ஏழாம் மாதம். வளைகாப்புக்கு நாள் குறித்தாயிற்று. அவர்கள் வழக்கப்படி தாய்மாமன் கொண்டுவரும் வளையல்தான் பிள்ளைத்தாய்ச்சி கையில் முதலில் ஏறவேண்டும். அது ஏறாமல் மற்றவர்கள் வளையல் பெட்டியைத் திறக்கக்கூட மாட்டார்கள். அவளுக்கு நேர் தாய்மாமன் இசக்கிதுரை ஒருவர்தான். "நேர்ல போயிக் கூப்பிடணும்" என்று மாயம்மாள் மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். போனில் குறித்தும் வைத்தாள். அது ஒவ்வொரு நாளும் அடிக்கும். அவளும் ஒவ்வொரு நாளும் மறுநாளைக்குத் தள்ளிவைப்பாள்.

இதற்கிடையில்தான் ஒரு காரியம் நடந்தது. மாயம்மாள் தன்னைவிட மூத்த ஆண்களின் பெயரைச் சொல்லமாட்டாள். போனுக்கும் சொன்னதில்லை. பெரியப்பா மக்கள், பெரியம்மா மக்கள், கூடப்பிறந்தவர் எல்லாரையும் 'அண்ணன்' என்றே பதிந்து, ஆள் தெரிவதற்கு ஒவ்வொருவர் படத்தையும் ஒட்டி வைத்திருந்தாள். ஆக, பதினொரு அண்ணன்மார். ஒருநாள் போன் அவளிடம் ஒரு கேள்வி கேட்டது. ஒரே பெயர் பல தடவை இருக்கிறது, ஒன்றாகச் சேர்த்துவிடட்டுமா? இடம் மிச்சம் ஆகுமே என்று மாயம்மாள் ஆகட்டும் என்பதை அழுத்தினாள். பதினொரு பேரும் ஒரே ஆளாகிவிட்டார்கள்.

அது அவளுக்குத் தெரியாது. வளைகாப்புக்குக் காலண்டரிலிருந்தே அழைப்பு அனுப்பினாள். ஞாயிற்றுக்கிழமை, பத்தரை மணி. திருப்பூணித்துறைப் பெரியப்பா மகனை நினைத்து 'அண்ணன்' என்று ஒரு தடவை தொட்டாள். பதினொரு பேருக்கும் போய்விட்டது.

வருகிறேன் என்று ஏழு பேர் சொன்னார்கள். மூன்று பேர் இல்லை என்றார்கள். பதினொன்றாவதாக ஒரு பதில் வந்தது. பக்கத்தில், அவரே தன் போனில் வைத்திருந்த பெயர், இசக்கிதுரை என்று இருந்தது. 'இருக்கலாம்.' வருவேன் என்றும் இல்லை, வரமாட்டேன் என்றும் இல்லை.

குடோனில் முறத்தை வைத்துவிட்டு வெளியே வந்து அந்த ஒரு சொல்லைத் திரும்பத் திரும்ப எழுத்துக் கூட்டினாள். அன்று மட்டும் நாற்பது தடவை பார்த்திருப்பாள். மாறவில்லை. மறுநாளும் மாறவில்லை.

"ஒரு போன் அடிச்சுக் கேட்டா என்ன?" என்றார் சங்கிலிப்பாண்டி.

"மனசு மாறினா அங்கனயே மாத்திப் போடுவாருங்க."

"தாய்மாமனுக்குப் போன்ல அழைப்பு விட்டவ உலகத்துலயே நீ ஒருத்திதான். வெத்தலை பாக்கு எங்கட்டி?"

"நான் விடலங்க. அதுவா போயிருச்சு."

"அப்ப அதுகிட்டயே தாம்பாளத்தைக் கொடுத்து இடக்கொச்சிக்கு அனுப்பு."

வியாழக்கிழமை மத்தியானம் மாயம்மாள் அரைநாள் லீவு சொல்லிவிட்டு, தலையில் சுண்ணாம்பு போகக் குளித்து, வெற்றிலை, பாக்கு, பழம், மஞ்சள் எல்லாம் தாம்பாளத்தில் வைத்துத் துணி கட்டி, தோப்பும்படி வரை போய், அங்கே பஸ் மாறினாள்.

காயலோரத்து வீடு. இசக்கிதுரை வாசலில் உட்கார்ந்து வலை கோத்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க வெளுத்துவிட்டது. அவளை நன்றாகப் பார்த்துக்கொண்டே, "யாரு?" என்றார்.

"நான்தாண்ணே."

"போன்லதான வருவே. கால் நடையா வந்துட்டே?"

"அது தப்பா வந்துருச்சுண்ணே."

"தப்பா வந்துச்சா? அப்ப எனக்கு வரவேண்டியதே இல்ல, அப்படித்தான?"

"வரவேண்டியதுதான். எனக்குத்தான் வர மூஞ்சி இல்ல" என்றாள். பிறகு, ஒன்பது வருசமாக மனசுக்குள் ஓட்டிப் பார்த்து வைத்திருந்ததை ஒரே மூச்சில் சொன்னாள். "அன்னைக்குப் பதினாலு தடவை அடிச்சேண்ணே. உங்க பழைய நம்பரு. எங்கிட்ட அதுதான் இருந்துச்சு."

அவர் ஊசியை வலையில் குத்தி நிறுத்தினார். "கரையில இருந்தேன் அன்னைக்கு" என்றார். "நம்பரு மாத்தி ரெண்டு மாசம் ஆயிருந்துச்சு. உங்கிட்டச் சொல்லணும்னு எனக்குத் தோணல, பாத்துக்கோ. இதை எப்படி வந்து சொல்ல?"

உள்ளேயிருந்து அண்ணி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். அடுப்பில் சாயாவுக்குத் தண்ணீர் வைக்கிற சத்தம் கேட்டது.

"எட்டி, ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்கு?" என்றார் இசக்கிதுரை.

அவருக்குப் போன அழைப்பில் மணி இருந்தது. மாயம்மாள் இடுப்புக்குக் கையைக் கொண்டுபோகவில்லை. "நீங்க வந்த பிறகுதாண்ணே. எத்தனை மணி ஆனாலும் சரி. நீங்க வராம ஒருத்தர் கையையும் வளையல்ல வைக்க விடமாட்டேன்."

இசக்கிதுரை எழுந்து, லுங்கியில் கையை இரண்டு தடவை துடைத்து, தாம்பாளத்தை வாங்கிக்கொண்டார்.

மாயம்மாள் இப்போது இடக்கொச்சியில், அண்ணன் வீட்டு அடுக்களையில், அண்ணிக்கு எதிரே கரிமீன் ஆய்ந்துகொண்டிருக்கிறாள். திரும்பிப்போகப் பஸ் எத்தனை மணிக்கு என்று இன்னும் பார்க்கவில்லை.