ஏரி உடைய எத்தனை அணா?

துளசிங்கம் சாரை நான் முதலில் பார்த்தது மெட்ராஸ் பாசஞ்சரில். மடியில் பி.எஸ்சி. கணக்குப் புத்தகம். எங்கள் ஊரில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் என்பதால், அட்டை நாலு பேருக்குத் தெரிகிற மாதிரிதான் வைத்திருப்பேன். எதிரில் இருந்தவர் எட்டிப் பார்த்து, "ஃபஸ்ஸி கணிதம் உண்டா?" என்று கேட்டார். இல்லை சார் என்றேன். "நல்லது," என்றார். பிறகு மணவூர் தாண்டும்வரை அவர் சொன்ன கதைதான் இது.

திருத்தணியில் ஏரிக்குக் கீழே இருந்தது அவர்கள் நெசவுத் தெரு. அப்பா வீராசாமிக்குக் குழித்தறி. மகன் துளசிங்கம் எம்.எஸ்சி. முடித்து டுடோரியலில் பாடம் நடத்தினான். ஒன்று நடக்கும், நடக்காது என்று இரண்டாக வெட்டாமல், நடுவில் எத்தனை பங்கு என்று விவரம் தெரிந்தவர்களைக் கேட்டு, அந்தப் பங்குகளை வைத்து அவசரத்தில் முடிவெடுக்கிற ஃபஸ்ஸி கணிதத்தை மெட்ராஸில் கற்று வந்திருந்தான்.

எண்பத்தைந்து ஐப்பசியில் ஏரி தளும்பி நின்றது. தங்கை பாஞ்சாலி குறைமாதத்தில் பெற்ற ஆண் குழந்தையோடு தாய்வீட்டில் இருந்தாள். அவள் கணவன் சோளிங்கரில் மழையில் மாட்டிக்கொண்டான். ஈரக்காற்று பட்டால் பிள்ளை தாங்காது என்று நர்சம்மா எச்சரித்திருந்தாள். மலையடி மண்டபத்துக்குப் போவதா, இருப்பதா?

துளசிங்கம் தெருவுக்குப் புரிகிற கணக்கில் கேட்டான். நிச்சயம் என்றால் பதினாறணா; அதில் ஏரி உடைய எத்தனை அணா? மடை பார்க்கும் தணிகாசலம் ரெண்டணா என்றார். எதிர்வீட்டு ஜெயம்மா ஓரணா. அப்பாவும் ஓரணாதான். குளிரில் பிள்ளைக்கு ஆபத்து எட்டணா என்று நர்சம்மா சொல்லியிருந்தாள். கூட்டிக் கழித்துப் பார்த்தான். இருப்பதே மேல் என்று வந்தது. படித்த படிப்பு சொந்தத் தெருவுக்கே உதவுகிறதே என்று அவனுக்கு உள்ளூர ஒரு பூரிப்பு. பயப்படாமல் இரு என்று தங்கையிடம் சொன்னான். அப்போது வெறும் தூறல்.

மதியம் மழை கொட்டியது. வீட்டுக்குள் போனவன் அப்படியே நின்றுவிட்டான். அப்பா தறியில் பாதி நெய்த சேலையோடு பாவு நூலை அறுத்துக்கொண்டிருந்தார். சாவு விழுந்தால்கூட அந்தத் தெருவில் பாதிச் சேலையை யாரும் அறுக்க மாட்டார்கள்.

"இன்னா நைனா இது? ஒரணான்னு சொன்னியே."

வீராசாமி தலை நிமிரவில்லை. "ஏரி ஒடையும்னு வாயால சொல்லுவாங்களாடா? சொன்னா பலிச்சுடும்."

"அப்பறம் ஏன் கெளம்பல?"

"நீ படிச்சவன். இருன்னுட்ட. நான் எப்டிடா போலாம்ங்கறது?"

அவன் எதிர்வீட்டுக்கு ஓடினான். ஜெயம்மா அரிசியைப் பரணில் ஏற்றியிருந்தாள். அடுத்த வீட்டிலும் தறி காலி. கேட்டபோது எல்லோரும் நல்ல வார்த்தைதான் சொல்லியிருக்கிறார்கள். அந்த நல்ல வார்த்தைகளைத்தான் அவன் எண்ணாக்கிக் கூட்டியிருக்கிறான். அதே தெருவில் பிறந்தவனுக்கு இது தோன்றாமல் போயிற்றே!

வீடு வீடாகக் கதவைத் தட்டினான். முழங்கால் தண்ணீரில் தெருவே கிளம்பியது. பிள்ளையைச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்து, மேலே பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டு ஓடினான். பாதி வழியிலேயே காற்று தாளைப் பிய்த்துப்போனது. மண்டபத்தில் ஏறிக் கொஞ்ச நேரத்தில் கரை உடைந்தது. தங்கள் வீட்டுக் கூரை மரங்கள் மிதந்து போவதை நின்று பார்த்தார்கள். ஆள் ஒருவரும் வெள்ளத்தில் போகவில்லை.

பிள்ளையின் உடம்பு சூடேறவே இல்லை. பெண்கள் மாற்றி மாற்றி மாரோடு அணைத்தார்கள். யாரோ கற்பூரம் கொளுத்தி, கையை அனலில் காட்டி ஒற்றடம் கொடுத்தார்கள். விளக்கு வைக்கும் நேரத்தில் அது மூச்சை விட்டது.

பாஞ்சாலி அழவில்லை. "காலைல தூறல்தானே இருந்துச்சு, ண்ணா," என்றாள்.



தெருவை இப்போது மேட்டில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். வீராசாமி அங்கே தறி போட்டிருக்கிறார். துளசிங்கம் கனகம்மாசத்திரத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்கு நடத்துகிறார். பாஞ்சாலி ஆர்.கே.பேட்டையில் கணவனோடு இருக்கிறாள். அண்ணன் இல்லாத நாளாகப் பார்த்துத் தாய்வீட்டுக்கு வந்து போகிறாள்.