பிழையில்லாத வரைபடம்

கணினி ஓர் இடத்தைப் பிழை என்று காட்டினால் அதைத் திருத்த வேண்டும். திருத்தாமல் கணினியின் வாயை அடைத்துவிட்டு, எவ்வளவு சுத்தமாக இருக்கிறது பார் என்று மார்தட்டுகிறவர்களை அதற்குப் பிறகு எத்தனையோ அலுவலகங்களில் பார்த்துவிட்டேன். முதல் ஆளைப் பார்த்தது ஸ்ரீவில்லிபுத்தூரில், தொண்ணூறுகளின் கடைசியில். இப்போது எழுத உட்கார்ந்தாலும் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

புவியியல் படித்துவிட்டு ராஜபாளையத்தில் அக்கா வீட்டில் இருந்தேன். தான் வேலை பார்த்த நூல் மில்லிலேயே கணக்கு எழுத வரச்சொன்னார் அத்தான். எனக்குக் கணினியில் வரைபடம் போட ஆசை. தேரடிக்குப் பக்கத்து மாடியில் ஒரு தனியார் அலுவலகம், இரண்டு தாலுகாவின் கண்மாய்களையும் கணினியில் ஏற்றும் வேலையை எடுத்திருந்தது. அந்த வரைபடத்தைப் பார்த்துத்தான் எந்தக் கண்மாயைத் தூர்வாருவது என்று அரசாங்கம் முடிவு செய்யும் என்றார்கள். மறுநாளே போய்ச் சேர்ந்துவிட்டேன்.

தேவதானத்துக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊர். மலையடிவாரத்தில் நீளமாக, ஒடுங்கலாக ஒரு சின்னக் கண்மாய். அதன் மடைக்குக் கீழேதான் அப்பாவின் வயல். கண்மாய் பாதிக்கு மேல் மண் மேவிவிட்டது. கார்த்திகை தாண்டினால் தண்ணீர் நிற்காது. வேலையில் சேர்ந்தேன் என்று சொன்ன அன்றைக்கு, சம்பளம் எவ்வளவு என்றுகூட அப்பா கேட்கவில்லை. “நம்ம கண்மா அதுல வருமா?” என்றுதான் கேட்டார். பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஊருக்குப் போகும்போது அதே கேள்விதான்.

அலுவலகத்தின் தலைவர் ஒரு பொறியாளர். ஹைதராபாத்தில் பயிற்சி எடுத்தவர். மென்பொருளின் கையேட்டைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார். ஏதாவது சந்தேகம் கேட்டால், “கத்துக் குடுத்தா நாளைக்கே வேற ஆபீஸ்ல போயி உக்காந்துக்கிடுவிய” என்பார். சம்பளத்துக்கு ஆள் வைத்துக்கொண்டு வேலையைச் சொல்லித்தர மாட்டேன் என்கிற மனுஷனை என்னவென்று சொல்வது? ஆண்களை மட்டும் கோடு போட விட்டார். எனக்கு வண்ணம் பூசும் வேலை. “கோலம் போட்ட கைதானம்மா, கலர் நல்லா வரும்” என்று சிரிப்பார். எனக்குக் கோலம் வராது. எங்கள் வீட்டில் அக்காதான் போடுவாள்.

அவர் சாப்பிடப் போகும் நேரத்தில் நானே கற்றுக்கொண்டேன். கட்டில் அளவு மேசை ஒன்று. அதன்மேல் காகித வரைபடத்தை ஒட்டி, கண்ணாடி பதித்த ஒரு மவுஸைக் கோட்டின் மேலேயே நகர்த்தி அழுத்திக்கொண்டு போனால், கோடு கணினிக்குள் ஏறும். ஒரு கண்மாயின் கரையைச் சுற்றி வந்து, தொடங்கிய புள்ளியிலேயே முடிக்க வேண்டும். மயிரிழை இடைவெளி விட்டாலும் கணினி அதைக் கண்மாய் என்று ஒத்துக்கொள்ளாது. சிவப்புப் புள்ளி வைத்துவிடும். நான் ஏற்றிய கண்மாய்களில் சிவப்பு குறைவாக இருந்ததைப் பார்த்த பிறகு, வேறு வழியில்லாமல் எனக்கும் மேசையைக் கொடுத்தார். எங்கள் கண்மாயை நானே ஏற்றினேன். ஞாயிற்றுக்கிழமை போய், “வந்துருச்சுப்பா” என்றேன். அப்பா தெருவில் போகிறவர்களை எல்லாம் நிறுத்திச் சொன்னார்.

வேலை முடிகிற சமயத்தில் மொத்தப் படத்திலும் அம்மை போட்டதுபோல் சிவப்புப் புள்ளிகள். ஒவ்வொன்றாகத் திருத்த வாரக்கணக்கில் ஆகும். திங்கட்கிழமை மதுரைக்கு அச்சுக்கு அனுப்ப வேண்டும். பொறியாளர் கணினி முன்னால் உட்கார்ந்து ஒரே ஓர் எண்ணை மாற்றினார். எவ்வளவு நெருக்கத்தில் இருக்கும் கோடுகளை ஒன்றாகச் சேர்க்கலாம் என்று கணினிக்குச் சொல்லும் எண் அது. சின்னதாக வைத்தால், விட்டுப்போன இடைவெளிகளை மட்டும் மூடும். அவர் மனம்போன போக்கில் பெரிய எண்ணாக வைத்தார். செத்த நேரத்தில் ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை. எல்லோரும் கைதட்டினார்கள். டீ வாங்கிவரச் சொன்னார்.

நான் எங்கள் ஊர்ப் பக்கம் போய்ப் பார்த்தேன். கண்மாயைக் காணோம். ஒடுங்கலான கண்மாய் அல்லவா, இரண்டு கரையும் பக்கத்தில் பக்கத்தில் உலர்த்திய ஈர அப்பளம்போல் ஒட்டிக்கொண்டு ஒற்றைக் கோடாகிவிட்டன. சுற்றியிருந்த தரிசின் மஞ்சள் நிறம் அந்த இடத்தையும் மூடிக்கொண்டது. இன்னொரு தாலுகாவில் கூமாப்பட்டிப் பக்கமும் பார்த்தேன். அங்கேயும் அடிவாரத்து ஒடுக்கக் கண்மாய்கள் ஒன்றும் இல்லை. பெரிய பெரிய கண்மாய்கள் மட்டும் கொழுகொழுவென்று நின்றன.

“சார், அந்த நம்பரைக் கொறைச்சுட்டுத் திரும்ப ஓட்டணும். சின்னக் கண்மா அம்புட்டும் போயிருச்சு” என்றேன்.

“எரர் இருக்கா?”

“எரர் இல்ல சார். கண்மாயும் இல்ல.”

டீ கிளாஸை வைத்துவிட்டு வந்து பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. புரியாமல் செய்திருந்தால்கூட என் கோபம் இத்தனை வருஷம் நின்றிருக்காது. “இது ஒங்க ஊருல்லா?” என்றார். “ஒங்க அப்பா கண்மாயா? முன்னாலயே சொல்லக்கூடாதாம்மா? அதை மட்டும் போட்டுருதேன். பொறவு பேசக்கூடாது.”

எனக்கு உச்சந்தலை வரைக்கும் சுர்ரென்று ஏறியது. என் வாயை அடைக்க எங்கள் கண்மாயைக் கூலியாகக் கொடுக்கிறார். கூமாப்பட்டிக்காரன் மகள் அங்கே வேலை பார்த்திருந்தால் அவனுக்கும் ஒன்று கிடைத்திருக்கும், அவ்வளவுதான்.

“போடுறதுன்னா அம்புட்டையும் போடுங்க சார். ஒண்ணு மட்டும் வேண்டாம்.”

“வேண்டாமா? சரி, வேண்டாம்” என்று கணினியை அணைத்தார். திங்கட்கிழமை படம் அப்படியே மதுரைக்குப் போனது. செவ்வாய்க்கிழமையிலிருந்து நான் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். தூர்வாரும் வேலையைப் பார்க்கும் அரசு அலுவலகத்துக்கு நடையாய் நடந்து சொல்லிப் பார்த்தேன். கணினிப் படம் தப்பாகுமா என்று அங்கேயும் சிரித்தார்கள். ஊருக்கே திரும்பி வந்து, நடந்ததை அப்பாவிடம் அப்படியே சொன்னேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார்.

அடுத்த கோடையில் பக்கத்துப் பெரிய கண்மாயைத் தூர்வாரினார்கள். ஒரு நாள் காலையில் லாரிச் சத்தம் கேட்டு அப்பாவும் நானும் ஓடினோம். அள்ளிய மண்ணை எங்கள் கண்மாய்க்குள் கொட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பா லாரியை மறித்தார். மேஸ்திரி ஒரு காகிதத்தை விரித்துக் காட்டினார்.

“மேப்புல தரிசுன்னு இருக்கு பெரியவரே. தரிசுல கொட்டுதோம். ஒங்களுக்கு என்ன?”

“தரிசுல மடை எதுக்குய்யா இருக்கு?” என்று அப்பா கத்தினார். அந்த மனுஷன் மடையை ஒருமுறை பார்த்தார், காகிதத்தை ஒருமுறை பார்த்தார். “எங்களுக்குக் குடுத்த மேப்பு இதுதான்” என்று மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அப்பா என் பக்கம் திரும்பினார். “நம்மளத மட்டும் போட்டுத் தாரேன்னுதான ஏட்டி சொன்னான்? விட்டுருக்கலாம்ல? மத்த ஊருக்காரன் எவனாவது வந்து நிக்கானா இங்க?”

“இல்லப்பா” என்றேன். எனக்கு எல்லார் மேலும் ஆத்திரம். அப்பாவின் மேலும் ஆத்திரம்தான், அவர் கேட்டது நியாயமாக இருந்ததால். லாரி எங்களைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாக உள்ளே இறங்கியது.

அந்த ஐப்பசியில் நல்ல மழை. பெரிய கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தது. அதன் கீழே வயல் வைத்திருந்தவர்கள் எல்லோரும் வயலில் இறங்கினார்கள். அப்பா நாற்றுப் பாவவில்லை.