தண்ணீர் படக்கூடாத நூறு பைகள்

போன வாரம் ஒரு சாயங்காலம், திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் ஒட்டன்சத்திரம் பஸ்ஸைப் பிடித்து உட்கார்ந்திருந்தேன். மேற்கே போகிற வண்டி. வெயில் நேராக முகத்தில் அடிக்கும் என்று ஜன்னலை விட்டு உள்பக்கம் நகர்ந்திருந்தேன். திடீரென்று ஜன்னல் வழியாக ஒரு பை பறந்து வந்து பக்கத்து இருக்கையில் விழுந்தது. வெளியிலிருந்து ஒரு பெண்குரல்: "ஏனுங்க அம்மிணி, அந்த சீட்டைக் கொஞ்சம் பாத்துக்கங்க, சுத்தி வந்துர்றனுங்க!"

தலையாட்டிவிட்டுப் பையைப் பார்த்தேன். குரோஷே ஊசியால் பின்னிய வலைப்பை. உள்ளே ஒரு குடையும் ஃபிளாஸ்க்கும். பை புடலங்காய் மாதிரி நீளமாகக் கிடந்தது. அடியைத் திருப்பினேன். பின்னல் தொடங்குகிற வட்டத்தில், விரல்நகம் அளவுக்குச் சிவப்பு நூல். அது நான் பின்னிய பை.

பையைப் பற்றிச் சொல்லுமுன் சீட்டுப் போடுவதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். உங்களுக்குத் தெரியாததா? பஸ் நிலையத்துக்குள் வண்டி நுழையும்போதே ஓடிப்போய், ஜன்னல் வழியாகக் கைக்குட்டையோ துண்டோ போட்டு இடம் பிடிப்பது. ஒரு அழுக்குக் கைக்குட்டைக்கு நம் ஊரில் இருக்கிற மரியாதை சில பட்டாக்களுக்குக்கூட இல்லை. கல்லூரி முடித்த கையோடு நான் திண்டுக்கல்லில் ஒரு சின்ன அலுவலகத்தில் டேட்டா என்ட்ரி வேலைக்குச் சேர்ந்தேன். பக்கத்து மேஜை வனிதா. எனக்கு ரெட்டியார்சத்திரத்தில் இறங்க வேண்டும், அவளுக்கு அதைத் தாண்டி இரண்டு நிறுத்தம். ஐந்தே முக்கால் வண்டியில் கால் வைக்க இடமிருக்காது. வனிதா பள்ளிக்கூடத்தில் எறிபந்து ஆடியவள். நகர்கிற வண்டியின் மூன்றாவது ஜன்னலைக் குறி வைத்தால் மூன்றாவது ஜன்னலில்தான் விழும். பின்னாலேயே மூச்சு வாங்க நான் ஓடி வருவேன். அவள் திரும்பிப் பார்த்துக் கத்துவாள்: "போட்டுட்டேன்டி, பொறுமையா வா!"

ஒருநாள் அவள் வீசிய டிபன் பை திறந்துகொண்டு, மிச்சமிருந்த புளிக்குழம்பு யாரோ ஒருவரின் வெள்ளை வேட்டியில் கொட்டியது. அன்றைக்கு வாங்கிய வசவில்தான் எனக்கு யோசனை பிறந்தது. வீசினால் காற்றில் விரியாத, உள்ளே இருப்பது வெளியே தெரிகிற, மடித்தால் கைக்குள் அடங்குகிற பை வேண்டும்.

எனக்கு யோசனை பிறப்பது பெரிய விஷயமில்லை. வாரம் ஒன்று பிறக்கும். அதற்கு முன்பு காளான் வளர்த்தேன். சோப்பு காய்ச்சினேன். கீபோர்டு வகுப்புக்கு மூன்று நாள் போனேன். "நீ தொட்டதுல எதுடி முடிஞ்சிருக்கு?" என்பது எங்கள் வீட்டில் அம்மா எனக்குச் சொல்லும் காலை வணக்கம். ஆனால் குரோஷே ஒட்டிக்கொண்டது. போனில் வீடியோவைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு, கொக்கி ஊசியால் சங்கிலி போட்டு, வட்டமாக்கி, கண்ணி கண்ணியாக விரித்து, கடையில் வாங்கிய கெட்டி நூலில் முதல் பையை நாலு நாளில் முடித்தேன். "நம்ம பைன்னு அடையாளம் தெரியணும்டி" என்று வனிதா சொன்னதால், அடிவட்டத்தில் மட்டும் சிவப்பு. பிறகு ஒன்பது மாதம் அந்தப் பைதான் எங்கள் இருவருக்கும் இடம் பிடித்தது.

அப்புறம் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீடு தொப்பம்பட்டிப் பக்கம். தாம்பூலப் பை எது என்பதில்தான் முதல் இழுபறி. மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் பெயர் அச்சடித்த மஞ்சள் துணிப்பை வேண்டும். வனிதாவோ, என் சிநேகிதி வலைப்பை பின்னித் தருவாள், அதில்தான் கொடுக்க வேண்டும் என்று நின்றுவிட்டாள். அந்த அம்மா என்னிடமே நேராகக் கேட்டார்: "அம்மிணி, கோவிச்சுக்காதீங்க. இதுல தேங்கா நிக்குமுங்களா?"

"நிக்கும்ங்க" என்றேன், பெரிய இஞ்சினியர் மாதிரி.

அவர் போனதும் வனிதா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்த வீட்டுல நான் வாயத் தொறந்து கேட்ட மொத விசயம்டி இது. இதுல தோத்தேன்னா அப்புறம் அங்க நான் எதுவும் கேக்க முடியாது. பாத்துக்க."

நூறு பை, ஒவ்வொன்றின் அடியிலும் அதே சிவப்பு வட்டம். ஐம்பது நாள். இங்கேதான் என் கெட்டிக்காரத்தனம் வேலை செய்தது. கடை நூலில் என்ன இருக்கிறது, நம் ஊர் நூலில் பின்னினால் எப்படி இருக்கும் என்று தோன்றிவிட்டது. மறுநாளே சின்னாளபட்டிக்கு ஓடினேன். ஒரு நெசவாளர் வீட்டில், தறிக்குப் போக மிஞ்சிய பாவு நூல் கற்றை கற்றையாகத் தொங்கியது. தறியில் இழுவை தாங்குவதற்காகக் கஞ்சி ஏற்றிய நூல். பத்து இழையைச் சேர்த்தால் ஒரே கயிறு மாதிரி விறைப்பாக, மினுமினுப்பாக நின்றது. லேசான புளிப்பு வாசனை. எனக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது. போனை எடுத்துப் படம் பிடித்துக்கொண்டிருந்தபோது அந்த அண்ணன் சொன்னார்: "தாயி, இது கஞ்சி நூலு. தண்ணியில நல்லா அலசிக் காயவச்சிட்டுப் பின்னு. இல்லன்னா பின்னால தொவண்டுரும்."

கேட்டது. நன்றாகவே கேட்டது. வீட்டில் ஒரு கற்றையை அலசியும் பார்த்தேன். அலசியதும் பத்து இழையும் பத்துத் திசைக்குப் பிரிந்து ஊசியில் சிக்கிக்கொண்டது. ஒரு பைக்கு ஒரு நாள் பிடித்தது. அலசாத நூலிலோ ஒரு நாளைக்கு இரண்டு பை. இரண்டாவது கற்றையை நான் அலசவில்லை. எண்பத்தேழாவது பை முடியும்வரை அதைப் பற்றி நினைக்கவும் இல்லை.

கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது, அம்மா சும்மா ஒரு தேங்காயைக் கழுவி, ஈரத்தோடு ஒரு பையில் போட்டு ஆணியில் மாட்டினாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். செத்த நேரம் கழித்து அவள் குரல்.

"ஏன்டி, இந்தப் பை வளருது!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். கண்ணிகள் வாயைப் பிளந்திருந்தன. தேங்காய் இறங்கிக்கொண்டே இருந்தது. கண்ணெதிரே ஒரு விரற்கடை, இன்னும் ஒரு விரற்கடை. கடைசியில் தரையைத் தொட்டு உட்கார்ந்தது. அம்மா என்னைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள், தேங்காயை மட்டும் உருவிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

வனிதாவுக்கு ஒரு செய்தி தட்டினேன். அழித்தேன். மறுபடி தட்டினேன். "உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்பதைத் தாண்டி விரல் நகரவில்லை. அன்றே சொல்லியிருந்தால் மஞ்சள் பை அச்சடிக்க நேரம் இருந்தது. இதை எழுதும்போதும் அந்த நாலு நாளை எண்ணிப் பார்க்கிறேன். ஆனால் என் மூளை வேறு கணக்குப் போட்டது. தண்ணீர் பட்டால்தானே? படாமல் பார்த்துக்கொண்டால் போயிற்று. மிச்சம் பதின்மூன்று பையையும் அதே நூலிலேயே முடித்தேன்.

முகூர்த்தத்தன்று விடிந்ததும் மண்டப வாசல் பக்கத்துத் தாம்பூல மேஜையைப் பிடித்துக்கொண்டேன். ஒரு பழைய துண்டால் ஒவ்வொரு தேங்காயையும் துடைத்தேன். வெற்றிலைக் கூடையில் எல்லாம் ஈரம். வெற்றிலையையும் ஒவ்வொன்றாகத் துடைத்தேன். வனிதாவின் சித்தப்பா தண்ணீர்ச் சொம்போடு வந்து நின்றார்.

"தள்ளு பாப்பா, வெத்தலைக்குத் தண்ணி தெளிக்கணும்."

"வேண்டாம் சித்தப்பா, நான் பாத்துக்கிறேன்."

"வாடிப் போகும்த்தா."

"வாடாது சித்தப்பா. சொம்பைத் தூரமா வைங்க!"

அவர் என் துண்டைப் பார்த்தார். "வெத்தலை என்ன அழுதுச்சா? இப்படிக் கண்ணைத் தொடச்சு விட்டுக்கிட்டு இருக்க?" சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முதுகு வேர்த்து ஓடியது. அந்த வேர்வை பையில் விழுந்துவிடுமோ என்றுகூடப் பயந்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மணவறையிலிருந்து வனிதா இரண்டு மூன்று தடவை என் பக்கம் திரும்பினாள். நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன்.

மாப்பிள்ளையின் அம்மா வந்து ஒரு பையைத் தூக்கி ஆட்டிப் பார்த்தார். காய்ந்த பை, காய்ந்த தேங்காய். கச்சிதமாக நின்றது. "பரவால்லீங்களே" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு உயிர் வந்தது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

பந்தி முடிந்தது. சனம் எழுந்து வந்தது. அப்போதுதான் நான் பார்த்தேன். அத்தனை பேரும் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வருகிறார்கள். அத்தனை கையிலும் ஈரம் சொட்டுகிறது. நூறு வெற்றிலையைத் துடைத்தவளுக்கு, கை கழுவிய கையோடுதான் நம் ஊரில் தாம்பூலம் வாங்குவார்கள் என்பது தோன்றவில்லை!

ஒவ்வொருவரும் கைப்பிடியை ஈரக்கையால் பிடித்தார்கள். நான் கொடுத்துக்கொண்டே இருந்தேன். கொடுக்காமல் என்ன செய்ய? கைப்பிடி நனைந்து இழுபட்டது. பை நீண்டது. வாசலைத் தாண்டுவதற்குள் தேங்காய் முழங்காலுக்கு வந்துவிட்டது. ஒரு சின்னப்பிள்ளை பையைத் தரையில் இழுத்துக்கொண்டு, நாய்க்குட்டியைக் கூட்டிப் போவது போலப் போனது. "ஏலே அப்பு, பையத் தூக்குடா!" "தூக்கித்தாம்ப்பா இருக்கேன்!" முதலில் ஒரு சிரிப்பு. பிறகு கும்பலாகச் சிரிப்பு. மாப்பிள்ளை வீட்டுப் பக்கமிருந்து யாரோ கேட்டார்கள்: "இது யாரு பாத்த வேலைங்க?"

நான் துண்டை மேஜையிலேயே போட்டுவிட்டு, சமையல்கட்டு வழியாக வெளியேறி, வந்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். சாப்பிடக்கூட இல்லை. சாயங்காலம் வனிதாவிடமிருந்து போன் வந்தது. எடுக்கவில்லை. மறுநாள் இரண்டு தடவை. அதற்கடுத்த வாரம் ஒரு தடவை. திட்டத்தான் கூப்பிடுகிறாள் என்று எனக்கு உறுதியாகத் தெரியும். பிறகு வேலையை விட்டேன், போன் எண்ணை மாற்றினேன், வேறு யோசனைகள் பிறந்தன. குரோஷே ஊசியை மட்டும் மறுபடி தொடவில்லை.

இதெல்லாம் அந்தப் பஸ்ஸில், பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு நிமிடத்தில் ஓடியது. அதற்குள் பைக்காரப் பெண் ஏறி வந்துவிட்டார். நாற்பது வயதிருக்கும். அவருக்கு வழிவிட்டுப் பையைக் கொடுத்தேன். வண்டி கிளம்பி ஊரைத் தாண்டும்வரை பொறுத்திருந்து, யதேச்சையாகக் கேட்பதுபோல் கேட்டேன்.

"இந்தப் பை எங்கக்கா வாங்குனீங்க?"

"வாங்கலீங்க. எங்கூர்ல ஒரு கல்யாணத்துல குடுத்தது. வாங்குனப்ப இம்புட்டுத்தான் இருந்துச்சு, கெளம்பறதுக்குள்ள இத்தன நீளம் ஆயிருச்சுங்க." சிரித்தார். "இப்ப குடை வெக்கறதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்குது."

"யாரு பின்னுனதாம்?"

"அந்தக் கல்யாணப் பொண்ணேதானுங்க. மாமியாக்காரி மண்டபத்துல நின்னு, எவ செஞ்ச வேலை இதுன்னு சத்தம் போட்டாங்க. அந்தப் புள்ள மாலையோட எந்திரிச்சு வந்து, 'சிநேகிதிக்கு நேரமில்லாமப் போச்சு, நாந்தேன் பின்னுனேன் அத்தை, நூலு சரியில்ல, திட்டுறதுன்னா என்னையத் திட்டுங்க'ன்னு சொல்லிருச்சு. அன்னைலருந்து எங்கூர்ல அதுக்குப் பேரே பை மருமகதான். ஊட்டுக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் மாமியா சொல்லிக் காட்டுவாங்க. வருசக்கணக்கா அது வாயே தொறக்கலீங்க."

வனிதா மணவறையிலிருந்து திரும்பித் திரும்பிப் பார்த்தது ஞாபகம் வந்தது. துண்டும் கையுமாக நான் வெற்றிலை துடைப்பதைப் பார்த்தபோதே அவளுக்குப் புரிந்திருக்கும்.

"அவ பின்னலக்கா" என்றேன். "நான்தான் பின்னுனேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நெசமாலுமா? ஒருக்காக்கூட அது உங்க பேரச் சொல்லலீங்களே."

"ஆமாக்கா."

"இப்ப அவங்க திருப்பூருல இருக்காங்க. நம்பர் வேணும்னா அவங்க மாமியாகிட்டத்தான் கேக்கணும்" என்று இழுத்தார்.

"கேளுங்க. யாரு கேட்டான்னும் சொல்லுங்க. பை யாரு பின்னுனதுன்னும் சொல்லிருங்க." கைப்பையைத் துழாவி, பஸ் டிக்கெட்டின் பின்புறம் என் எண்ணை எழுதிக் கொடுத்தேன். அவர் அதை மடித்துக் குடைக்குப் பக்கத்தில் செருகினார். கண்ணி பெரிது. விழுந்துவிடும் என்று சொன்னேன். எடுத்து பர்ஸில் வைத்துக்கொண்டார்.

இதுவரை போன் வரவில்லை. அந்த ஐந்தே முக்கால் வண்டியும் இப்போது இல்லை, நேரத்தை மாற்றிவிட்டார்கள். எங்கள் அலுவலகம் இருந்த மாடியில் செல்போன் கடை வந்துவிட்டது. அன்று ரெட்டியார்சத்திரத்தில் இறங்குவதற்காக எழுந்தேன். முழுதாக எழுந்து நிற்பதற்குள், வெளியே காத்திருந்த கூட்டத்திலிருந்து ஒரு கைக்குட்டை ஜன்னல் வழியாகப் பறந்து வந்து நான் உட்கார்ந்திருந்த இடத்தில் விழுந்தது. யாரோ யாருக்கோ பிடித்த இடம். படியில் இறங்கும்போது ஒரு கணம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். பொறுமையா வா என்று யாரும் கத்தவில்லை.