விஜயம் டீச்சரின் இருபத்தெட்டாவது குதிரை

குதிரை பார்க்கப் போனால் விஜயம் டீச்சர் முதலில் தரையைத்தான் பார்ப்பார். பத்து மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டு எட்டரைக்கே போய் நிற்பது அவர் வழக்கம். ஆள் வருவதற்குள் குதிரையை நாலு சுற்று விரட்டிக் களைக்க வைத்துவிட்டு, பசு மாதிரி சாது என்று காட்டுகிறவர்கள் உண்டு. தரையில் புதுக் குளம்புத் தடம் தெரிந்தாலோ விலாவில் வியர்வை காயாமல் இருந்தாலோ டீச்சர் ஸ்கூட்டரை விட்டு இறங்கவே மாட்டார். ஓட்டி வந்த கணவர் சாம்பசிவம் வண்டியைத் திருப்புவார்.

டீச்சருக்கு அறுபத்தொரு வயது. கணக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுமாதமே குதிரையேற்றம் பழகப் போனார். இடுப்பு எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், இனிமேல் உடம்பு குலுங்கவே கூடாது என்றார். சாம்பசிவம் நிம்மதியடைந்தார். டீச்சரோ, குலுங்காத குதிரையாகப் பார்த்து வாங்கச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டார். அப்படி ஒரு நடை இருக்கத்தான் செய்கிறது. ரவால் என்பார்கள். குதிரை துள்ளாது, முதுகு ஆடாது, கால்கள் மட்டும் வேகவேகமாக மாறும். அந்த நடைக்காக இரண்டு வருடத்தில் இருபத்தேழு குதிரை பார்த்தாயிற்று. கோச்சடையில் உள்ள வீட்டுக்குப் பின்னால் குதிரைக்காகப் போட்ட கொட்டகையில் இப்போது பக்கத்து வீட்டார் துணி காயப்போடுகிறார்கள்.

இருபத்தெட்டாவது குதிரை சோழவந்தானில், வெற்றிலைக்கொடி போட்டிருக்கும் சிவனாண்டியிடம் இருந்தது. செம்பழுப்பு நிறப் பெண்குதிரை. டீச்சர் போனபோது சிவனாண்டி வாயில் பிரஷ்ஷோடு நின்றார். அவசரமாகக் கொப்பளித்துவிட்டு, குதிரையின் நெற்றிச் சுழியின் ராசியைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

"சுழி மேல நான் உக்காரப் போறதில்ல. முதுகக் காட்டுங்க" என்றார் டீச்சர்.

பல்லைப் பார்த்தார். நான்கு குளம்பையும் தூக்கிப் பார்த்தார். முதலில் சொந்தக்காரர்தான் ஏற வேண்டும் என்பது அவர் சட்டம். சிவனாண்டி ஏறியதும், பிளாஸ்கிலிருந்து காபியைத் தளும்பத் தளும்ப ஊற்றி அவர் கையில் டம்ளரைக் கொடுத்தார். வாய்க்கால் கரையில் போய்த் திரும்பி வரவேண்டும். கடிவாளத்தைத் தளர்த்தியே பிடிக்கவேண்டும். இறுக்கிப் பிடித்தால்தான் ரவால் போகும் குதிரைகளால் அவர் ஏற்கெனவே ஏமாந்திருக்கிறார். அதே நேரத்தில் சிவனாண்டியின் மனைவி ரெங்கம்மாளும் மொபெட்டில் புல்லுக்கட்டோடு முன்னால் கிளம்பினார்.

டம்ளர் நிறைந்தபடியே திரும்பி வந்தது. சாம்பசிவம் அதை வாங்கிக் குடித்தார். புல்லுக்கட்டும் அப்படியே திரும்பி வந்ததை டீச்சர் கவனித்தார்.

பிறகு அவரே ஏறினார். மொபெட் மறுபடி முன்னால் போயிற்று. குதிரை வழுக்கிக்கொண்டு போவதுபோல் போயிற்று. பாலம் தாண்டிய பிறகுதான், இடுப்பு என்று ஒன்று தனக்கு இருப்பதையே மறந்துவிட்டோம் என்பது டீச்சருக்கு உறைத்தது.  

முன்னால் போகும் புல்லுக்கட்டைப் பார்த்தார். ரெங்கம்மாளிடம் வண்டியை அணைக்கச் சொன்னார். மொபெட் நின்றது. குதிரையும் நின்றது. நாக்கைச் சொடுக்கினார், குதிகாலால் தட்டினார், அதட்டினார். நட்ட கல் மாதிரி நின்றது.

பின்னாலேயே ஓடிவந்த சிவனாண்டி தலையைச் சொறிந்தார்.

"பொய் சொல்லல டீச்சர். குட்டியிலருந்து வீட்டுக்காரி வண்டி பின்னாடியே ஓடிப் பழகிருச்சு. புல்லு முன்னாடி போனாத்தான் இதுவும் போகும். தனியாப் போகாது."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"நீங்க கேட்ட அம்புட்டுக் கேள்வியில இது ஒண்ணு வரல."

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. கேள்வித்தாளில் தானே விட்டுவிட்ட கேள்வி. வேறு குதிரையாக இருந்தால் இந்நேரம் இறங்கியிருப்பார். இறங்காமல் அதன் கழுத்தைத் தடவிக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். இருபத்தெட்டும் முடிந்தது என்று சாம்பசிவம் ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு வந்து, வீட்டுக்குத் திரும்பும் பக்கமாக நிறுத்தினார்.

டீச்சர் மெதுவாக இறங்கினார். ரெங்கம்மாளிடம் புல்லுக்கட்டைக் கேட்டு வாங்கி, கணவரின் ஸ்கூட்டர் பின்சீட்டில் வைத்துக் கயிற்றால் கட்டினார். முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார்.