ஓட்டைத் தகட்டுப் பாலம்

எங்கள் வீடுகளுக்கும் வத்தேகம ரோட்டுக்கும் நடுவே ஆழமான மழைநீர்க் கான் ஒன்று ஓடுகிறது. அதைக் கடக்க இரண்டு இரும்புத் தகடுகளைக் கோத்துப் போட்டிருக்கிறோம். தகடு முழுக்க வட்ட வட்டமாக ஓட்டைகள். இரண்டாம் உலகப்போரில் சேற்று நிலத்தில் விமானம் இறங்குவதற்காக விரித்த தகடுகள் இவை. 1945இல் போர் முடிந்து படைகள் போய்விட்டன. தகடுகள் வேலியாகவும் கோழிக்கூட்டுக் கதவாகவும் தங்கிவிட்டன. எங்களுடையவை எந்த ஆண்டு இங்கே வந்தன என்று விசாரித்தேன். இரண்டு பேர் இரண்டு ஆண்டு சொன்னார்கள். இரண்டையும் நான் நம்பவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் மாநகரசபை ஊழியர். அவர் மனைவிக்குச் சிறுநீரகம் பழுது. வாரம் இருமுறை பேராதனை ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். மனைவியின் கைத்தடி ஓட்டைகளில் மாட்டுகிறதே என்று அவர் தகட்டின்மேல் தடித்த றப்பர் விரிப்பைப் போட்டு, ஓரங்களைக் கம்பியால் இறுக்கிக் கட்டினார். நல்ல வேலை என்று எல்லோரும் சொன்னோம்.

2023 ஒக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை. இரவெல்லாம் பெய்த மழையில் கான் நிரம்பித் தகட்டைத் தொட்டது. வெளியேற இருந்த இன்னொரு வழியான பின்பக்கப் பாதையும் மண் சரிந்து மூடிக்கிடந்தது. முந்தைய தடவையே சிகிச்சை தவறியதால் பக்கத்து வீட்டுக்காரரின் மனைவிக்கு மூச்சு வாங்கியது, கால்கள் வீங்கியிருந்தன. முச்சக்கரவண்டி ரோட்டில் காத்து நின்றது.

தண்ணீர் அடியிலிருந்து முட்ட முட்டத் தகடு எழும்பி எழும்பி விழுந்தது.

“அண்ணே, தூக்கிட்டு ஓடிருவோமா?” என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

“நடுவுல பொரண்டா?” என்றேன்.

வாசலில் கதிரையில் இருந்த அவர் மனைவி இருமிவிட்டுச் சொன்னார்: “அந்த றப்பர அறுத்து எறிங்க. ஓட்டையெல்லாம் அடைச்சு வச்சா தண்ணி எங்க போகும்? தகட்டத்தான் தூக்கும்.”

“ஒனக்காகத்தானே போட்டேன்.”

“போட்டீங்க, சரி. இப்ப எனக்காக அறுங்க.”

அவர் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு தகட்டில் குப்புறப் படுத்து ஊர்ந்தார். கரையிலிருந்து அவர் கால்களைப் பிடித்துக்கொண்டேன். தகடு எழும்பும்போதெல்லாம் அவர் உடம்பும் எழும்பியது. கம்பி கட்டிய ஓரம் அறுந்ததும் றப்பர் சுருண்டு தண்ணீரோடு போனது. ஓட்டைகள் வழியே தண்ணீர் பீறிட்டது. தகடு தடாலென்று கரைக் கல்லில் உட்கார்ந்தது.

கதிரையோடு தூக்கினோம். அவர் முன்னால், நான் பின்னால். தகட்டின்மேல் கணுக்கால் அளவு கலங்கல் தண்ணீர். ஓட்டைகளை வெறுங்கால் விரல்களால் தடவித்தான் அடியெடுத்து வைத்தோம். நடுவில் தகடு அதிர்ந்தது. அவர் நின்றுவிட்டார்.

“என்னங்க, யாராவது போட்டோ எடுக்கிறாங்களா? நடங்க,” என்றார் மனைவி. அந்தக் குரலிலேயே மூச்சு இல்லை.

எதிர்க்கரையில் முச்சக்கரவண்டிக்காரர் கதிரையின் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டார்.

மனைவியை இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தில் போட்டாயிற்று என்று ஆஸ்பத்திரியிலிருந்து பக்கத்து வீட்டுக்காரர் போன் பண்ணும்வரை நான் ஈரச் சாரத்தோடு ரோட்டிலேயே நின்றேன். வீடு எதிரேதான் இருந்தது. தண்ணீர் வடியாமல் அந்தத் தகட்டில் மறுபடி கால் வைக்க எனக்குத் தைரியம் வரவில்லை.