மதியம் மட்டும் நின்றுபோகும் ஏசி

இணையத்தில் முகம் தெரியாதவர்களிடம் ஏசி பழுதுக்கு ஆலோசனை கேட்பது ஒரு முழுநேரத் தொழில். அதில் ஊதியம் இல்லை, விடுமுறை இல்லை, வியர்வை மட்டும் தாராளமாக உண்டு. இத்தொழிலில் எனக்கு முன்பே இறங்கியவர்களும், இதோ இப்போது இறங்கிக்கொண்டிருப்பவர்களும் இதைப் படிக்கக்கூடும். உங்களுக்கு என் அனுதாபங்கள்; எனக்கு உங்களுடையவற்றை அனுப்பிவையுங்கள்.

நான் தமிழாசிரியை, வீடு திருவரங்குளத்தில். சென்ற கத்திரி வெயிலின்போது எங்கள் பின்னறை ஏசி ஒரு விந்தையான பழக்கத்தை மேற்கொண்டது. காலையில் குளிர்ந்தது, இரவில் குளிர்ந்தது, உச்சி வெயிலில், அதாவது ஏசி என்ற ஒன்று எதற்காகக் கண்டுபிடிக்கப்பட்டதோ அந்த நேரத்தில், வெறும் காற்றை ஊதிக்கொண்டு சும்மா இருந்தது.

வேறொரு சமயமாக இருந்திருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். மகள் பொற்கொடிக்கு அப்போதுதான் வளைகாப்பு முடிந்திருந்தது. நல்ல நாள் பார்த்து, வெள்ளிக்கிழமை அவளைப் பிரசவத்துக்காக எங்கள் வீட்டில் கொண்டுவந்து விடுவதாக ஏற்பாடு. அண்ணன் மகள் வரப்போகிறாள் என்று பக்கத்து வீட்டிலிருக்கும் என் நாத்தனார் மல்லிகா எங்கள் மாடியில் வடகம் போடத் தொடங்கிவிட்டாள். நான் தலையணைக்கு உறை தைத்துவிட்டேன். வளைகாப்பன்று சம்பந்தியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "சம்பந்தி, ஒங்க வீட்டுல ஏசி நல்லா ஓடுதுல்ல? இந்த வெயில்ல புள்ள தாங்காதுங்க."

ஓடுகிறது என்று நான் சொல்லியிருந்தேன்.

முழுமையான கேள்வி

புதுக்கோட்டையிலுள்ள மெக்கானிக்குகள் அனைவரும், கலந்து பேசி வைத்துக்கொண்டவர்களைப்போல், "நாளைக்கு வாரேன் டீச்சர்" என்ற ஒரே விடையைத் தந்தார்கள். ஆகவே, வீட்டுச் சாதனங்களின் பழுதுகளைப் பேசும் இணையக் குழு ஒன்றில் சேர்ந்தேன். கேள்வி தெளிவாக இருந்தால் விடை தானாக வரும் என்று வகுப்பில் சொல்லிச் சொல்லிப் பழகியவள் நான். ஏசியின் வயது, கொள்ளளவு, அது மாட்டப்பட்டிருக்கும் சுவரின் திசை ஆகியவை முதற்பத்தியில். அது நிற்கும் வேளை, நிற்கும்போது எழும் ஓசை, எழாத ஓசை ஆகியவை அடுத்த பத்தியில். வடிகட்டியைக் கழுவியது, ஸ்டெபிலைசரைச் சோதித்தது என்று நாங்கள் ஏற்கெனவே செய்து பார்த்தவை இறுதிப் பத்தியில். திரும்பப் படித்துப் பிழை இல்லை என்று உறுதிசெய்த பிறகே பதிவிட்டேன்.

பெருமை தாங்காமல் அதைக் கணவரிடமும் காட்டினேன். "ஐகோர்ட்டுக்கா அனுப்புற?" என்றார். அதற்குள் முதல் பதில் வந்துவிட்டது. ஆவலோடு திறந்தேன்: "சிஸ்டர், ஏசிக்கு என்ன பிரச்சினைன்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்லையே?"

ஆளுக்கொரு மருந்து

மாலைக்குள் பதில்கள் குவிந்தன. ஒருவர் கேஸ் தீர்ந்துவிட்டது என்றார். மற்றொருவர், கேஸ் இருக்கிறது, போர்டுதான் போய்விட்டது என்றார். மூன்றாமவர் இருவரையும் கண்டித்து, போனது ஏசியேதான் என்று முடிவுகட்டி, தம்மிடம் விற்பனைக்கு ஒன்று இருப்பதாகவும் தெரிவித்தார். ஓர் அம்மையார் சன்னலில் ஈரப் புடவையைக் கட்டச் சொன்னார். இன்னொருவர் அறை தென்கிழக்கில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, நான் ஆம் என்றதும், "அதான்" என்று மட்டும் எழுதி மறைந்துபோனார். எது அது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இத்தனைக்கும் நடுவில் நிதானமாகப் பேசியவர் கோட்டைப்பட்டினத்துக் காதர் என்பவர் ஒருவர்தான். "அக்கா, யாரு என்ன சொன்னாலும் எதையும் கழட்டாதீங்க. மொதல்ல வெளி யூனிட்டைப் படம் எடுத்துப் போடுங்க" என்று எழுதியிருந்தார். அந்த அதிகாரத் தொனியே எனக்குப் பாதிக் குளிர்ச்சியைத் தந்தது. படத்தை மறுநாள் எடுத்துக்கொள்ளலாம் என்று போனை மூடப்போகும்போது, நம் மாவட்டத்துக்காரர் இன்னொருவரின் பரிந்துரை வந்து விழுந்தது: "மத்தியானம் மட்டும்தானக்கா நிக்குது? சித்தன்னவாசல் குகைக்குள்ள போயிப் படுத்துக்கங்க, ரிமோட்டே வேணாம்."

படம் எடுக்கும் முறை

மறுநாள் மதியம் ஏசி நின்றதும் மாடிக்குச் சென்றேன். முன்பின் அறியாத பல்லாயிரம் பேர் பார்க்கப்போகும் படம். நம் வீட்டு மாடி அலங்கோலமாக இருக்கலாமா? துடைப்பத்தையும் வாளியையும் அகற்றினேன். கொடியில் கிடந்த மிதியடிகளை எடுத்தேன். யூனிட்டை ஒட்டி மல்லிகா நிறுத்தியிருந்த கட்டிலை, அதன்மேல் விரித்திருந்த வேட்டியோடும் வேட்டியில் பிழிந்திருந்த வடகத்தோடும், அவளையும் ஒரு கை பிடிக்கச் சொல்லி அப்பால் நகர்த்தினேன். "அண்ணி, பொண்ணு பாக்க வாராகளா மெஷின?" என்று அவள் சிரித்தாள். ஈரத் துணியால் யூனிட்டின் நான்கு பக்கங்களையும் துடைத்து, நிழல் விழாத கோணம் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். எனக்குப் பின்னால் மல்லிகா பொருள்களையெல்லாம் பழையபடி பழைய இடங்களில் வைத்துக்கொண்டிருந்தாள். ஒழுங்கு விஷயத்தில் அவளும் எனக்குக் குறைந்தவள் அல்லள்.

படத்தைக் குழுவில் இட்டேன். காதர் வெகுநேரம் ஆராய்ந்திருக்க வேண்டும். இறுதியில் எழுதினார்: "அக்கா, இது கடையில குடுக்குற விளம்பரப் படம். ஒங்க வீட்டு யூனிட்டு படத்தைப் போடுங்க."

விளக்கு வைத்த பிறகு வந்தவர்

வியாழக்கிழமை ஓர் அதிசயம் நடந்தது. மெக்கானிக் ஒருவர், சொன்ன நாளிலேயே வந்துவிட்டார். ஆனால் வந்தது விளக்கு வைத்த பிறகு. மாடியை மல்லிகா காலிசெய்துவிட்டிருந்தாள், வெயிலும் இறங்கியிருந்தது. அவர் ரிமோட்டை அழுத்தியதுதான் தாமதம், ஏசி மார்கழியைக் கொண்டுவந்து அறையில் இறக்கியது. பள்ளி ஆய்வாளரைக் கண்டதும் எழுந்து நின்று ஒப்பிக்கும் மாணவனைப்போல் அப்படி ஓர் ஒழுக்கம்.

நான் மதிய வேளையின் நிலையை விவரித்தேன். எழும் ஓசை, எழாத ஓசை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். ஏசியின் கீழ் நின்று சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டு கேட்டார். தேநீர் வந்த பிறகும் அங்கேயே நின்று கேட்டார். பிறகு என் கணவரைத் தனியே அழைத்து, எனக்குக் கேட்கும்படியாகவே சொன்னார்: "சார், ஏசிக்கு ஒண்ணுமில்ல. டீச்சருக்கு ரெஸ்ட்டு வேணும்."

வெள்ளிக்கிழமை

காலையில் கார் வந்து நின்றது. பொற்கொடியின் கையைப் பற்றி இறக்கிவிட்ட சம்பந்தியம்மாள் நேரே பின்னறைக்குள் வந்து, ஏசியின் எதிரில் உள்ளங்கையை நீட்டிப் பார்த்தார். குளிர்ந்த காற்று. முகம் மலர்ந்தது. நானும் மூச்சு விட்டேன். மகள் கட்டிலில் சாய்ந்து, புதுத் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு, அரிசி மிட்டாய் கேட்டாள். அந்த ஒரு மணி நேரம் எங்கள் வீட்டில் குறையென்று சொல்ல எதுவுமில்லை.

உச்சி வேளையில் 'டக்' என்ற ஒலி கேட்டது. நான் எழுதிய இரண்டாம் பத்தியில் உள்ள அதே ஒலி. சிறிது நேரத்தில் பொற்கொடியின் நெற்றி முத்து முத்தாக வேர்த்தது. சம்பந்தியம்மாள் முந்தானையால் ஒற்றிவிட்டார், கோபப்படவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "தப்பா நெனைக்காதீங்க சம்பந்தி. சாயங்காலம் வந்த கார்லயே புள்ளையக் கூட்டிட்டுப் போயிடுறோம். ஏசி சரியானதும் கொண்டாந்து விடுறோம்" என்றார். பொற்கொடிதான் தலையணையை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அத்தை, நான் ஏசிக்கா வந்தேன்? எங்கம்மாகிட்டல்ல வந்தேன்."

ஒரு சொல் பதிவு

அடுக்களைக்குள் சென்று போனை எடுத்தேன். என் வாழ்நாளிலேயே மிகக் குறுகிய பதிவை எழுதினேன்: "நின்றுவிட்டது." காதர் அந்தக் கணமே பதிலிட்டார்: "இப்பவே மாடிக்குப் போயி வீடியோ எடுங்கக்கா. எதையும் தொடாதீங்க, தொடைக்காதீங்க." சம்பந்தியை விட்டுவிட்டு நான் எப்படிப் போவது? போனைக் கொடுத்துக் கணவரை அனுப்பினேன். எதையும் தொடாமல் இருப்பது அவருக்குக் கைவந்த கலை. மாடிக் கதவருகில் நின்றபடியே எடுத்து, அங்கிருந்தே குழுவில் போட்டுவிட்டார்.

கருத்துகள் மழையாகக் கொட்டின. "அரிசி வடகமா, ஜவ்வரிசியா?" என்றார் ஒருவர். "பச்சை மிளகாய் எவ்வளவு அரைக்கணும்?" என்றார் ஒருவர். கேஸ் தீர்ந்ததென்று சொன்னவர், எங்கள் ஊருக்கு எந்தப் பேருந்தில் வரவேண்டும் என்று விசாரித்தார். மகளைத் திரும்பக் கூட்டிப்போகப் போகிறார்கள், இவர்களுக்கு வடகம்! 'பழுதைப் பற்றி மட்டும் எழுதவும்' என்று தட்டச்சு செய்யத் தொடங்கியபோது, ஈரப் புடவை அம்மையாரின் கருத்து வந்தது: "வடகம் அருமை. அதுக்குப் பின்னாடி ஏதோ பொட்டி மாதிரித் தெரியுதே, அது என்ன?"

காற்றின் பயன்

வீடியோவை மறுபடி பார்த்தேன். நிமிர்த்தி நிறுத்திய கட்டில். கட்டிலில் இழுத்துக் கட்டிய வேட்டி. வேட்டி நிறைய வடகம். அதற்குப் பின்னால், மூச்சு முட்டிக்கொண்டு, எங்கள் யூனிட். வெளியே தள்ளிய அனலெல்லாம் வேட்டியில் மோதி அதன் முகத்துக்கே திரும்பியிருக்கிறது. சூடு தாங்காமல் தினமும் அது தன்னைத்தானே நிறுத்திக்கொண்டிருக்கிறது. படிகளில் நான் அவ்வளவு வேகமாக ஏறியதைச் சம்பந்தியம்மாள் பார்க்காதது நல்லதாயிற்று.

கட்டிலை இழுத்து நகர்த்தினேன். யூனிட் ஆறுவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு மின்விசிறி உறுமிச் சுழன்றது, கீழே பின்னறையிலிருந்து, "அம்மா, வந்துருச்சு!" என்று பொற்கொடி கத்தினாள். என் பின்னாலேயே ஏறி வந்திருந்த மல்லிகாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் முகத்தில் குற்ற உணர்வின் சாயல்கூட இல்லை: "முன்னாடி வெயிலு, பின்னாடி மெஷின் காத்து, ஒரே நாள்ல காயுது அண்ணி. அம்புட்டுக் காத்தும் சும்மா போறதுக்கு, நம்ம புள்ள வடகத்துக்காச்சும் ஆகட்டுமே!"

நன்றி நவிலல்

கார் சம்பந்திக்காக மட்டும் காத்திருக்கட்டும் என்று முடிவானதும், காதருக்கு முறைப்படி நன்றி எழுதினேன். எதையும் துடைக்கக் கூடாது என்று எப்படி உணர்ந்தீர்கள், இத்துறையில் எத்தனை காலப் பயிற்சி என்று கேட்டிருந்தேன். பதில் உடனே வந்தது: "எனக்கு என்னக்கா தெரியும்? படகு எஞ்சின் மக்கர் பண்ணுனா படம் எடுத்துத்தான் அனுப்புவோம், அதான் சொன்னேன். எங்க வீட்டுல ஏசியே இல்ல, கடல் காத்துதான்."

பந்தியில்

சாப்பாட்டில் வடகம் பொரித்து வைத்தோம். சம்பந்தியம்மாள் ஒன்றைக் கடித்துவிட்டு நிமிர்ந்தார். இன்னொன்றை எடுத்தார். "இம்புட்டு மொறுமொறுப்பு எங்களுக்கு வரமாட்டேங்குதே, எப்படிக் காய வச்சீங்க?" என்று மல்லிகாவிடம் கேட்டார். நான் கண்ணால் ஜாடை காட்டினேன். கணவர் செருமினார். பொற்கொடி என் முழங்கையைக் கிள்ளினாள். யாரையும் பொருட்படுத்தாமல் மல்லிகா கட்டில், வேட்டி, மெஷின் காற்று என்று அத்தனையையும் பெருமையோடு விளக்கி முடித்தாள்.

நான் தலை குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். சம்பந்தியம்மாள் மூன்றாவது வடகத்தை எடுத்தார். பிறகு, ஒரு தீர்மானத்துக்கு வந்தவராகத் தலையசைத்துச் சொன்னார்: "எங்க வீட்டு மெஷினும் மாடியிலதான் இருக்கு."

ஆலோசனை கேட்டு அலையும் தோழர்களே, படம் எடுப்பதற்கு முன் தயவுசெய்து எதையும் ஒழுங்குபடுத்தாதீர்கள். நாம் அவசரமாக அப்புறப்படுத்தும் அந்த ஒரு கட்டிலில்தான் விடை காய்ந்துகொண்டிருக்கிறது.